ஆடுகளம் நூலகமான வரலாறு

ஒரு பல்கலைக்கழகம் உலகத்தோடு எந்தக் குரலிற் பேசுகிறது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். வகுப்பறையிலே பேராசிரியர் பேசுகிறார். எதிரே அமர்ந்திருக்கும் மாணவர் கேட்கின்றனர். அந்தக் குரல் சுவருக்கு அப்பால் உள்ள பொதுமக்களின் செவிக்கு எட்டுவதில்லை. அவர்களுக்குப் பல்கலைக்கழகம் என்பது செய்தித்தாளிலே அவ்வப்போது வரும் ஒரு பெயர். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் அந்தப் பெயர் அச்சாகிறது. பட்டமளிப்பு விழா நடக்கும் நாளில் அச்சாகிறது. பந்தயத்திலே ஒரு கோப்பை கிடைத்த நாளிலும் அச்சாகிறது. இம்மூன்றனுள் மக்கள் விரும்பிப் படிப்பது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் கல்லூரியிற் பயின்ற காலத்தில் எனக்கு ஒரு நண்பன் இருந்தான். கால்பந்தாட்டத்திலே வல்லவன். கல்லூரியார் அவனைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தனர். விடுதியிலே அவனிடம் சாப்பாட்டுக்குப் பணம் கேட்பதில்லை. வகுப்புக்கு வாராத நாளிலும் வருகைப் பதிவு மட்டும் தவறாமல் விழுந்துவிடும். இரண்டு ஆண்டுகள் அவனால் கல்லூரிக்குக் கோப்பை வந்தது. மூன்றாம் ஆண்டிலே ஓர் ஆட்டத்தில் அவன் முழங்கால் முறிந்தது. அதன்பின் அவனைத் தேடுவார் இல்லை. பாடம் படிக்காதவன் தேர்விலே தேறுவது எங்ஙனம்? பட்டம் பெறாமலே ஊர் திரும்பினான். பல ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு மரக்கடையிலே கணக்கெழுதிக்கொண்டிருந்த அவனைக் கண்டேன். "நான் வாங்கிக் கொடுத்த கோப்பை கல்லூரி அலமாரியிலே இருக்கிறது, நான் வாங்க வேண்டிய பட்டந்தான் எங்கோ தங்கிவிட்டது" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்பு நெடுநாள் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

விளையாட்டு வேண்டுமா, வேண்டாவா என்பது அன்று என் மனத்திலே எழுந்த வினா அன்று. உடலுக்கு உரமும் உள்ளத்துக்கு ஒழுங்கும் தருவது விளையாட்டு என்பதை யார் மறுப்பர்? கல்வி நிலையம் ஒன்று தன் பெயரைப் பரப்புவதற்காக மாணவனை ஆடச் செய்யலாமா என்பதே என் வினா. இவ்வினாவைத் தன்னைத் தானே கேட்டுக்கொண்டு, நாடே வியக்கும்படி விடை கண்ட பல்கலைக்கழகம் ஒன்று அமெரிக்காவில் உண்டு. அது சிகாகோப் பல்கலைக்கழகம். அதன் ஆடுகளமும், அதனை ஆண்ட தலைவர்களும், அது உலகத்தோடு பேசிய முறையும் ஒன்றோடொன்று பின்னிய கதையை இப்போது காண்போம்.

சிகாகோ நகரம் மிச்சிகன் ஏரிக்கரையிலே அமைந்தது. இறைச்சி வாணிகத்துக்கும், தானிய வாணிகத்துக்கும், இரயில் பாதைகளுக்கும் பெயர் பெற்றது. 1871ஆம் ஆண்டிலே பெருந்தீ ஒன்று அந்நகரின் ஒரு பெரிய பகுதியை எரித்தது. எரிந்த நகரம் இருபது ஆண்டுகளுக்குள் மீண்டும் எழுந்தது. அவ்வாறு எழுந்த நகரத்திலே, எண்ணெய் வாணிகத்தால் பெருஞ்செல்வம் சேர்த்த ஜான் ராக்பெல்லர் வழங்கிய கொடையைக்கொண்டும், பாப்டிஸ்டுக் கல்விச் சங்கத்தாரின் முயற்சியாலும், 1890ஆம் ஆண்டில் ஒரு புதிய பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1892 அக்டோபர் முதல் நாளன்று வகுப்புகள் தொடங்கின.

அதன் முதல் தலைவர் வில்லியம் ரெயினி ஹார்ப்பர். எபிரேய மொழியிலே பெரும் புலமை வாய்ந்தவர். பதினெட்டு வயதிலேயே யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். நூற்றாண்டுகள் பல கண்ட ஹார்வர்டும் யேலும் கிழக்கே நிமிர்ந்து நிற்கையில், நேற்று முளைத்த ஒரு நிலையத்தை யார் பொருட்படுத்துவர்? ஆகவே பல்கலைக்கழகத்தின் பெயரை நாடெங்கும் எட்டச் செய்ய வேண்டும் என்று ஹார்ப்பர் துணிந்தார். அதற்கு அவர் வகுத்த வழிகள் பல. பல்கலைக்கழகத்தின் உறுப்பாகவே ஒரு பதிப்பகத்தை அமைத்தார். கல்லூரிக்கு வர இயலாதோர்க்கு அஞ்சல் வழியே பாடம் அனுப்ப ஏற்பாடு செய்தார். ஊர்தோறும் விரிவுரைகள் நடத்த ஆசிரியர்களை அனுப்பினார். பெண்களையும் தொடக்கம் முதலே மாணவராகச் சேர்த்தார். இவை யாவும் கல்வியின் குரல்கள். இவற்றோடு இன்னொரு குரலையும் அவர் தேர்ந்துகொண்டார். அதுவே கால்பந்து.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கர் கால்பந்து என்று சொல்வது நாம் ஆடும் ஆட்டம் அன்று. முட்டை வடிவான பந்தைக் கையிலே ஏந்திக்கொண்டு, எதிரணியார் வந்து மோதித் தள்ளுவதைத் தாங்கிக்கொண்டு, எல்லைக் கோட்டை நோக்கி ஓடும் ஆட்டம் அது. வலிமையும் வேண்டும், சூழ்ச்சித் திறமும் வேண்டும். போர்க்களம் போன்ற அந்த ஆட்டத்தைக் காண மக்கள் கடல்போலத் திரண்டனர்.

ஹார்ப்பர், யேலிலே தம்மிடம் பயின்ற ஏமஸ் அலான்சோ ஸ்டாக் என்னும் இளைஞரை அழைத்து உடற்பயிற்சித் துறையின் தலைவராக்கினார். சமயப் பணிக்குச் செல்ல விரும்பிப் படித்த ஸ்டாக், மேடையிலே நின்று அறம் உரைப்பதைவிட ஆடுகளத்திலே இளைஞர்க்கு ஒழுக்கம் பழக்குவதே தமக்கு இயன்ற தொண்டு என்று கண்டவர். பயிற்சியாளர் என்றால் ஆண்டுக்கு ஒருவராக வந்து போகும் வழக்கம் இருந்த அக்காலத்தில், ஹார்ப்பர் அவருக்குப் பேராசிரியர்க்கு நிகரான நிலையான பதவியைத் தந்தார். முதல் ஆண்டிலே அணிக்கு ஆள் போதாமையால் பயிற்சியாளராகிய ஸ்டாக்கே களத்தில் இறங்கி ஆடினார். இரண்டே ஆண்டுகளில், 1894 டிசம்பரில், சிகாகோ அணியார் நாட்டின் மறுகோடியாகிய கலிபோர்னியா வரை இரயிலிற் சென்று ஆடினர். பல்கலைக்கழகம் இருக்கிறது என்று அறியாத ஊர்களும் அதன் பெயரை அறிந்தன.

ஆட்டம் வளரவே அதனை ஆளும் பொறுப்பும் வளர்ந்தது. கல்லூரியிற் படியாதவரும் கூலிக்கு வந்து ஆடும் இழிவு அக்காலத்தில் இருந்தது. அதனைத் தடுக்க 1895 ஜனவரியில் மேற்கு மாநிலப் பல்கலைக்கழகத் தலைவர்கள் சிகாகோவிலே கூடினர். 1896 பிப்ரவரியில் ஏழு பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள் கூடி ஒரு கழகத்தை அமைத்தனர். பிற்காலத்தில் 'பிக் டென்' என்று புகழ் பெற்ற கூட்டமைப்பு அதுவே. ஆட்டத்தை ஆள்வோர் ஆசிரியராகவே இருத்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. எழுதிய விதி நல்ல விதியே. ஆனால் நுழைவுச் சீட்டு விற்ற பணம் பெருகப் பெருக, விதியின் குரல் தேய்ந்து போயிற்று.

1905ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் சிகாகோவின் ஆடுகளத்திலே ஒரு பெரும் போட்டி நடைபெற்றது. எதிரணி மிச்சிகன் பல்கலைக்கழகம். அவ்வணி 56 ஆட்டங்களில் தோல்வியே காணாதது. 25,000க்கு மேற்பட்டோர் திரண்டிருந்தனர். முடிவிலே சிகாகோ இரண்டு புள்ளிகள் பெற்றது. மிச்சிகன் ஒன்றும் பெறவில்லை. நகரமே களிப்பிலே மிதந்தது. வகுப்பறையிலே எந்தப் பேராசிரியர் எந்த உண்மையைக் கண்டுபிடித்தாலும் அத்தகைய ஆரவாரம் எழுந்திராது. அவ்வெற்றிக்குப் பின் ஆறு வாரங்களில், 1906 ஜனவரி 10ஆம் நாள், ஹார்ப்பர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 49.

அதே 1905ஆம் ஆண்டு வேறொரு வகையிலும் நினைவிற்குரியது. அந்தப் பருவத்திலே கால்பந்தாட்டத்தால் நாடெங்கும் ஏறத்தாழ 20 இளைஞர்கள் உயிரிழந்தனர் என்று செய்தித்தாள்கள் கணக்கிட்டன. குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகியவற்றின் ஆட்டப் பொறுப்பாளரை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைத் திருத்துமாறு வற்புறுத்தினார். விதிகள் மாறின, பந்தை முன்னோக்கி எறிவது 1906இல் முறையாக அனுமதிக்கப்பட்டது. மேற்குக் கழகத்தாரும் அவ்வாண்டு ஜனவரியிலே கூடி, பருவத்துக்கு ஐந்து ஆட்டங்களே போதும் என்றும், ஒரு மாணவன் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆடலாகாது என்றும் கட்டுப்பாடு விதித்தனர். உடலுக்கு வரும் ஊறு கண்ணுக்குத் தெரிவது. ஆகவே அதற்கு மருந்து தேடினர். கல்விக்கு வரும் ஊறு கண்ணுக்குத் தெரியாது. அது மெல்லப் பரவியது.

எவ்வாறு பரவியது? உயர்நிலைப் பள்ளியிலே திறமையாக ஆடும் சிறுவரைத் தேடிப் பிடித்துச் சேர்த்தனர். பெரிய அரங்குகளைக் கட்டினர். கட்டிய அரங்கை நிரப்ப வெற்றி வேண்டியிருந்தது. வெற்றி பெற மேலும் ஆட்டக்காரர் வேண்டியிருந்தனர். ஆட்டக்காரர்க்கென்றே எளிய பாடங்கள் பல கல்லூரிகளிலே தோன்றின. 1929 அக்டோபரில் கார்னகி அறக்கட்டளையார் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளைப் பற்றி விரிவான ஆய்வறிக்கை ஒன்றை வெளியிட்டனர். ஆட்டக்காரர்க்குப் பொருள் உதவி செய்து அவர்களை வசப்படுத்தும் வழக்கம் மிகப் பல கல்லூரிகளிலே வேரூன்றிவிட்டது என்று அது சான்றோடு காட்டியது. அதனைப் படித்தபோது, கடல் கடந்த நாட்டிலும் என் நண்பனுக்கு உடன்பிறந்தார் எத்துணைப் பேர் என்று எண்ணி வருந்தினேன்.

அதே 1929ஆம் ஆண்டிலே சிகாகோப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு புதிய தலைவர் வந்தார். ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ் என்பது அவர் பெயர். வயது 30. அதற்கு முன்பே யேல் சட்டக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். உயர்ந்த தோற்றமும் கூர்மையான நாவும் உடையவர். கல்வி என்பது அறிவைப் பயிற்றுவதே. வேறு எதனையும் அதன் பெயராலே விற்றல் கூடாது என்பது அவர் கொள்கை. அவர் ஆட்சியிலே, வகுப்பில் எத்தனை நாள் அமர்ந்திருந்தான் என்று எண்ணுவதை விட்டு, முழுப் பாடத்தையும் அளக்கும் பொதுத் தேர்வுகள் வந்தன. ஆட்டக்காரன் ஒளிந்துகொள்ள இடம் குறைந்தது.

ஸ்டாக்குக்கு 70 வயது நிறைந்தது. 41 பருவங்கள் பயிற்சி அளித்த அப்பெரியாரை, 1932ஆம் ஆண்டுப் பருவத்தோடு ஓய்வு பெறச் செய்தனர். அவரோ ஓய்வை விரும்பவில்லை. கலிபோர்னியாவிலே வேறொரு கல்லூரிக்குச் சென்று மேலும் பல ஆண்டுகள் பயிற்சி அளித்தார். 1965இல் 102 வயதிலே அவர் மறையும் வரை, அவரைப் பற்றி இழிவாகப் பேசினார் அரியர். நல்லவர் ஒருவர் தலைமை தாங்கினாலும், அமைப்பு தவறான திசையிலே சென்றால் அவரால் மட்டும் அதனைத் தடுக்க முடியாது என்பதற்கு அவர் வாழ்வும் ஒரு சான்று.

அவருக்குப் பின் அணி மெலிந்தது. ஆயினும் அணையப் போகும் விளக்கு ஒருமுறை சுடர்விட்டது. நாட்டின் மிகச் சிறந்த கல்லூரி ஆட்டக்காரனுக்கு அளிக்கப்படும் பரிசு 1935இல் முதன்முதலாக ஏற்பட்டது. பின்னர் 'ஹைஸ்மன் பரிசு' என்று பெயர் பெற்ற அதனை முதலிற் பெற்றவர் சிகாகோ மாணவர் ஜே பெர்வாங்கர். தொழில்முறை அணிகள் 1936இல் முதன்முறையாக வரிசைப்படி ஆட்டக்காரரைத் தேர்ந்தபோது முதலிடத்திலே தேர்வானவரும் அவரே. அவர் தொழில்முறை ஆட்டத்துக்குச் செல்லாமல் வேறு வாழ்வை மேற்கொண்டார்.

இதற்கிடையிலே சிகாகோப் பல்கலைக்கழகம் புதிய குரல் ஒன்றைப் பழகிக்கொண்டிருந்தது. அது வானொலி. வானொலி நிலையத்திலே நின்று நான் இதனைச் சொல்வதால் மிகைப்படுத்துவதாக எண்ண வேண்டா. 1931ஆம் ஆண்டிலே சிகாகோ நகரத்து நிலையம் ஒன்றிலிருந்து 'வட்ட மேசை' என்னும் நிகழ்ச்சி தொடங்கியது. ஞாயிறுதோறும் மூன்று பேராசிரியர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, நாட்டைப் பற்றிய பெரிய சிக்கல் ஒன்றைக் குறித்து உரையாடினர். எழுதி வைத்துப் படிப்பது இல்லை. ஒருவர் சொன்னதை மற்றவர் மறுப்பார். மறுத்ததை மூன்றாமவர் ஆராய்வார். 1933 முதல் அது நாடு முழுவதும் ஒலிபரப்பாயிற்று. உரையாடல்களை அச்சிட்டும் அனுப்பினர். 1955 வரை அந்நிகழ்ச்சி நீடித்தது. வயலிலும் தொழிற்சாலையிலும் உழைத்த மக்கள், கற்றவர் சிந்திக்கும் முறையைத் தம் வீட்டிலிருந்தே கேட்டனர்.

1937இல் ஹட்சின்ஸ், தம்முடன் யேலிலே படித்த வில்லியம் பென்டன் என்பவரைத் துணைத் தலைவராக்கினார். விளம்பரத் தொழிலிலே பெயரும் பொருளும் ஈட்டியவர் பென்டன். சோப்பு விற்கவும் பற்பசை விற்கவும் பயன்பட்ட கலையை, அறிவைப் பரப்பப் பயன்படுத்தலாம் என்று அவர் கருதினார். வானொலி நிகழ்ச்சி அவரால் மேலும் வளர்ந்தது. 1943இல் 'என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா' என்னும் புகழ் மிக்க கலைக்களஞ்சியம் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததும் அவர் முயற்சியாலேயே. ஹார்ப்பர் தேடிய அதே புகழைத்தான் இவர்களும் தேடினர். வேறுபாடு ஒன்றே: கற்பிப்பதற்கென்று பிறந்த நிலையம், கற்பிக்கும் குரலாலேயே புகழ் பெற வேண்டும் என்று இவர்கள் எண்ணினர்.

இப்போது 1939ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டுப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே பெலாய்ட் என்னும் சிறு கல்லூரியிடம் சிகாகோ தோற்றது. மிச்சிகன் 85 புள்ளிகள் பெற்றது; சிகாகோ ஒன்றும் பெறவில்லை. ஹார்வர்டு 61 புள்ளிகள். ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகமும் 61 புள்ளிகள். இரண்டு ஆட்டங்களிலும் சிகாகோவுக்குப் பூச்சியமே. ஒரு காலத்திலே மிச்சிகனின் வெற்றித் தொடரை அறுத்த அதே பல்கலைக்கழகம் நாட்டு மக்களின் நகைப்புக்கு இடமாயிற்று.

அதன் முன் இரண்டு வழிகள் இருந்தன. மற்றவரைப்போலப் பொருள் கொடுத்து ஆட்டக்காரரைத் திரட்டி, அவர்க்கென எளிய பாடங்களை வகுத்து, மீண்டும் வெல்வது ஒரு வழி. வெளியாரோடு ஆடும் கால்பந்தையே விட்டுவிடுவது மற்றொரு வழி. 1939 டிசம்பர் 21ஆம் நாள், பல்கலைக்கழக ஆட்சிக்குழு இரண்டாம் வழியைத் தேர்ந்ததாக அறிவித்தது. அடுத்த மாதம் ஹட்சின்ஸ் மாணவரைக் கூட்டி அதன் காரணத்தை விளக்கினார். தம் பெயருக்குப் பழி வரும் என்று அறிந்தும், பிறர் வாயிலாகச் சொல்லாமல் தாமே நின்று சொன்னது குறிப்பிடத்தக்கது. மற்ற விளையாட்டுகள் நிற்கவில்லை. மாணவர்கள் தமக்குள் ஆடும் ஆட்டங்களும் நிற்கவில்லை. பணத்துக்கும் விளம்பரத்துக்கும் ஆடும் ஆட்டமே நின்றது. பழைய மாணவர் பலர் மனம் நொந்தனர். பெரும் பல்கலைக்கழகங்களுள் மிகப் பல அவ்வழியைப் பின்பற்றவில்லை.

வெறுமையாய்க் கிடந்த அந்த அரங்கிலே அடுத்து நடந்ததை எந்தக் கதாசிரியரும் கற்பனை செய்திருக்க மாட்டார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அரங்கின் மேற்குப்புற இருக்கை வரிசைகளுக்கு அடியிலே, பந்தாடுவதற்கென்று கட்டிய கூடம் ஒன்று இருந்தது. இத்தாலியிலிருந்து வந்த அறிஞர் என்ரிக்கோ பெர்மியின் தலைமையில், அறிவியலாளர் அக்கூடத்திலே கிராபைட் கட்டிகளையும் யுரேனியத்தையும் அடுக்கடுக்காக வைத்து ஒரு குவியல் எழுப்பினர். 1942 டிசம்பர் 2ஆம் நாள் பிற்பகலில், மனிதர் ஆக்கிய முதல் அணுக்கருத் தொடர்வினை அங்கே நிகழ்ந்தது. அவர்கள் விரும்பியபோது அடங்கவும் செய்தது.

1905இல் ஓர் ஆட்டத்திலே வென்றபோது நகரமே ஆரவாரித்தது. இப்போது உலக வரலாற்றையே திருப்பிய நிகழ்ச்சி நடந்தது, கைதட்டுவார் இல்லை, செய்தித்தாளிலே ஒரு வரியும் இல்லை. ஆராய்ச்சியின் பொறுப்பாளர் ஆர்தர் காம்ப்டன், இத்தாலிய மாலுமி புதிய உலகிலே கரையிறங்கிவிட்டார் என்னும் பொருள்படத் தொலைபேசியிலே குறிப்பு மொழியாற் சொன்னார். அவ்வளவே செய்தி. 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமா நகரம் அணுகுண்டினால் அழிந்தது. ஆறு நாள் கழித்து, ஆகஸ்டு 12ஆம் நாள், 'வட்ட மேசை' நிகழ்ச்சியிலே ஹட்சின்ஸே வந்தமர்ந்து, இந்தப் பேராற்றல் மனித குலத்துக்கு என்ன செய்யப் போகிறது என்று ஆராய்ந்தார். தன் நிலத்திலே பிறந்த ஆற்றலைப் பற்றி மக்களோடு மனம் விட்டுப் பேசும் கடமை தனக்கு உண்டு என்று பல்கலைக்கழகம் உணர்ந்தது. கோப்பையைக் காட்டிப் புகழ் தேடும் குரலால் இக்கடமையைச் செய்திருக்க இயலுமா? எண்ணிப் பாருங்கள்.

தமிழராகிய நமக்கும் அப்பல்கலைக்கழகத்தோடு ஒரு தொடர்பு உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியிலே பயின்ற வானியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937இல் அங்கே பணி ஏற்றார். அவர் தங்கிய யெர்க்ஸ் வானாய்வுக்கூடம் நகரத்திலிருந்து சுமார் 80 மைல் தொலைவில் உள்ளது. அவர் நிறத்தைக் காரணமாக்கி, நகரத்து வளாகத்திலே அவர் பாடம் சொல்லலாகாது என்று தடுத்தார் ஓர் உயர் அலுவலர். ஹட்சின்ஸ் அத்தடையை நீக்கி, சந்திரசேகர் பாடம் சொல்லட்டும் என்று உறுதியாகச் சொன்னார். ஆரவாரத்துக்கு அஞ்சாத நிர்வாகி அநீதிக்கும் இணங்கவில்லை.

1940களில் சந்திரசேகர் அத்தொலைவிலிருந்து வாரந்தோறும் காரிலே வந்து வகுப்பு எடுத்தார் என்றும், ஒரு வகுப்பிலே பெயர் பதிந்த மாணவர் இருவரே என்றும் சொல்வதுண்டு. அவ்விருவர் லீ, யாங் என்னும் சீன இளைஞர். 1957இல் இருவரும் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றனர். 1983இல் ஆசிரியரும் பெற்றார். கால் இலட்சம் பேர் கூடிய அரங்கையும், இரண்டு பேர் அமர்ந்த வகுப்பறையையும் ஒருங்கே நினைத்துப் பார்க்கிறேன். பல்கலைக்கழகத்தின் பெயர் எங்கே நிலைத்தது என்பது விளங்கும்.

நடுநிலையோடு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1946இல் சிகாகோ அந்தக் கூட்டமைப்பிலிருந்து முற்றிலும் விலகியது. 1951இல் ஹட்சின்ஸ் பதவியை விட்டுச் சென்றார். 1950களின் தொடக்கத்திலே மாணவர் தொகை குறைந்தது. கால்பந்தைக் கைவிட்டதே காரணம் என்று சிலர் சொன்னார்கள். பள்ளிப் படிப்பு முடியுமுன்பே மாணவரைச் சேர்த்த ஹட்சின்ஸின் புதுத் திட்டமும், பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்த பகுதிகளில் நேர்ந்த மாறுதல்களும் காரணங்களாக இருந்தன. எதனையும் ஒரே வீச்சிலே வெட்டுவோர், வேண்டாததோடு வேண்டியதையும் சிறிது வெட்டிவிடுவது உண்டு. கூடி மகிழும் ஒரு பொதுவிடம் மாணவர்க்குக் குறைந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

அந்தக் குறையை மாணவரும் உணர்ந்தனர். 1963இல் ஒருசில மாணவர் கால்பந்தை மீண்டும் ஆட முயன்றனர். வேறு சிலர் களத்தின் நடுவிலே அமர்ந்து தடுத்தனர்! ஆட்டம் வேண்டும் என்று போராடிய மாணவரைக் கேட்டிருக்கிறோம். ஆட்டம் வேண்டா என்று போராடிய மாணவரை அங்கேதான் காண்கிறோம். நெடிய ஆராய்ச்சிக்குப் பின் 1969இல் முறையான அணி மீண்டும் களம் இறங்கியது. ஆனால் பழைய நிலைக்கு அது திரும்பவில்லை. ஆட்டத்துக்கென்று உதவித்தொகை கொடுத்து மாணவரைச் சேர்க்காத கல்லூரிகளின் வரிசையிலே அது இடம் பெற்றது. 1986இல், கல்வியை முதன்மையாகக் கொண்ட பல்கலைக்கழகங்கள் சிலவற்றோடு சேர்ந்து ஒரு விளையாட்டுக் கழகத்தை நிறுவவும் செய்தது. ஆட்டம் திரும்பி வந்தது. வாணிகம் திரும்பி வரவில்லை.

பழைய அரங்கு என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கலாம். மேற்குப்புற இருக்கை வரிசைகளை 1957இல் இடித்தனர். அணுச் சோதனை நடந்த இடத்திலே, 1967 டிசம்பர் 2ஆம் நாள், ஹென்றி மூர் என்னும் சிற்பி படைத்த வெண்கலச் சிற்பம் திறந்து வைக்கப்பட்டது. ஆடுகளம் இருந்த நிலத்திலே ரீகன்ஸ்டைன் நூலகம் எழுந்தது; 1970இல் திறக்கப்பட்டது. சில தெருக்கள் தள்ளி, ஸ்டாக்கின் பெயரையே தாங்கிச் சிறிய ஆடுகளம் ஒன்று அமைந்தது. பெரிய இடம் நூலுக்கு. அளவான இடம் ஆட்டத்துக்கு. அந்தப் பல்கலைக்கழகம் முப்பது ஆண்டுகளாகத் தேடிய விடையை அந்நிலமே எழுதிக் காட்டுகிறது.

மாணவ நண்பர்களே, மாலையானால் நீங்கள் ஆடுகளத்துக்குச் செல்ல வேண்டும். வியர்வை சிந்த ஆட வேண்டும். வென்றால் மகிழவும் தோற்றால் தாங்கவும் பழக வேண்டும். ஆனால் உங்களை ஆடச் சொல்லுகிறவர் எதற்காகச் சொல்லுகிறார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். உங்கள் நலத்துக்காகவா? அலமாரியிலே வைக்கும் கோப்பைக்காகவா? நாளை உங்களுள் சிலர் கல்லூரி முதல்வராகலாம். பல்கலைக்கழக ஆட்சிக்குழுவிலே அமரலாம். அப்போது திறமையாகப் பந்தாடும் ஓர் இளைஞன் உங்கள்முன் வந்து நிற்பான். அவன் காலை மட்டும் பார்க்காதீர்கள். அவன் கையிலே புத்தகம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மரக்கடையிலே கணக்கெழுதிய என் நண்பனுக்கு இக்கதையை ஒருநாள் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டான். "முழங்கால் முறிந்த பின்பும் படிக்கலாம் என்று அன்று எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்" என்றான். அவனுக்கு அன்று சொல்லத் தவறியதை இன்று உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.